மலைக்குப் போகாதவர்களின் பெரட்டு

எனக்கு வேலை கிடைத்தபோது பதவியின் பெயர் நியமனக் கடிதத்தில் இரண்டு வரிக்கு ஓடியது. அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்ட என் மாமா, "இவ்வளவு நீட்டா இருக்கே, ஜீப்பும் குடுப்பாங்களா?" என்றார். ஜீப் கொடுக்கவில்லை. குடைகூடக் கொடுக்கவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் நாலைந்து தேயிலைத் தோட்டங்களைக் கொடுத்தார்கள். பஸ் போகாத இடத்துக்கு என் கால்கள் போகும் என்று நம்பினார்கள்.

வேலை இதுதான்: கண்ணோ காலோ மனமோ ஒத்துழைக்காத பெரியவர்களை, தனியாகக் கிடப்பவர்களை, யாரும் கைவிடாமல், அடிக்காமல், ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள அரசாங்கத்தில் ஒரு சேவை இருக்கிறது. அது பிரதேச செயலக மேசை வரைக்கும் வந்து நின்றிருந்தது. அதை லயத்துக்குள், தொழிலாளர்கள் குடியிருக்கும் காம்பரா வரிசைகளுக்குள், கொண்டுபோவது என் பொறுப்பு. கொழும்பில் பயிற்சி தந்தார்கள். திரையில் ஒரு படம் போட்டார்கள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் பாதுகாக்கப்பட வேண்டியவர். சுற்றிலும் பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், செயலகம் என்று வட்டங்கள். எல்லாவற்றிலிருந்தும் அவரை நோக்கி அம்புக்குறிகள். எனக்குப் புல்லரித்துவிட்டது. போனில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு நாள் லயத்தில் அதை ஆர்வமாகக் காட்டியபோது ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னா மிஸ், நடுவுல நிக்கிற ஆளை எல்லாருமா சேந்து அம்பு வுட்டுக் கொல்றாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் லயம் லயமாகப் போய் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார். 'உங்களை யாராவது துன்புறுத்துகிறார்களா? உடனே அழையுங்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே தொலைபேசி இலக்கம். நான் முதலில் போன லயத்தில் கடைசிக் காம்பராவின் கதவில் அது பளிச்சென்று இருந்தது. அந்தக் காம்பராக்காரருக்குக் கண் தெரியாது. அந்த லயத்தில் போனும் எடுபடாது. கோயில் வளைவுக்கு ஏறினால்தான் ஒரு கோடு சிக்னல் வரும்.

"கதவுல என்னமோ ஒட்டிட்டுப் போனாங்க புள்ள," என்றார் அவர். "காத்து வராம நல்லா அடைச்சிருக்கு. இன்னொன்னு இருந்தா குடேன். ஜன்னலுக்கும் ஒட்டணும்."

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். சீனி வருத்தத்தில், நீரிழிவில், பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே அடுப்பு மூட்டுவார், ரொட்டி சுடுவார், பக்கத்து வீட்டுக்காரியின் ரொட்டி கருகினால் வாசத்தை வைத்தே இங்கிருந்து திட்டுவார்.

சிக்கல் மழையில் தொடங்கியது. லயத்துக்குப் பின்னால், ஒரு சரிவுக்குக் கீழே, மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற பீலி இருக்கிறது. குளிக்க, துவைக்க, குடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு காலையில் எல்லாரும் கொழுந்து எடுக்கப் போன பிறகு அக்கா குடத்தோடு சரிவில் இறங்கி, வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டார். கூப்பிட்ட சத்தம் மழையில் யாருக்கும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் திரும்பி வந்தபோதுதான் பார்த்தார்கள். மணிக்கட்டு முறிந்திருந்தது.

செய்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. எங்கள் மேலதிகாரியான சேர் நல்லவர், ஆனால் பயந்தவர். எந்தக் கோப்பையும் திறந்தபடி மேசையில் வைக்கமாட்டார், காற்றில் புரண்டு ஏதாவது தெரிந்துவிடுமோ என்று.

"நுவரெலியா ஹோம்ல ஒரு கட்டில் இருக்காம். அந்த அம்மாவ அனுப்பிடுவோம்," என்றார்.

"அவங்க போக மாட்டேங்கிறாங்க சேர்."

"பாதுகாப்புங்கிறது பிடிச்சா எடுக்கிற விஷயமா? நாளைக்கு விழுந்து ஏதாவது ஆனா பேப்பர்க்காரன் உன்னையா கேப்பான்? என்னையத்தான் கேப்பான்."

"அங்க முழுக்கச் சிங்களம் சேர். அக்காவுக்கு ஒரு சொல்லுச் சிங்களம் தெரியாது. இருட்டுல இருக்கிறவங்கள பாஷை தெரியாத இடத்துல கொண்டுபோய் வச்சா என்னா பாதுகாப்பு?"

இதை நான் மிக நன்றாகச் சொன்னேன். சொல்லும்போதே கண் கலங்கியது. சேரும் கொஞ்சம் அசைந்தார். மாவட்டத்திலிருந்து பெரிய மெடம் மேற்பார்வைக்கு வரவிருந்தார். அதற்குள் நான் ஏதாவது மாற்று வழி செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மெடம் வருகிற வண்டியிலேயே அக்காவை ஏற்றிவிடுவது என்று முடிவானது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வழுக்குன வழி அங்கனயே கெடக்கு. வுழுந்தவள மட்டும் தூக்கிட்டுப் போறீங்க. அடுத்து வேற யாராச்சும் வுழுந்தா அவங்களுக்கும் கட்டில் இருக்கா?"

"அக்கா, நான் ஏதாச்சும் செய்றேன்."

"செய்யி. சீக்கிரமாச் செய்யி. எனக்கு இந்தச் செவரு தெரியும், இந்த அடுப்புத் தெரியும். ஹோம்ல செவரு எங்கன இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

ஏதாவது செய்வதாகச் சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. படத்திலிருந்த வட்டங்களில் ஒன்றும் அந்த லயத்துக்குப் பக்கத்தில் இல்லை. பொலிஸ் பஸ் ஏறிப் போகிற தூரம். ஆஸ்பத்திரி அதற்கும் அப்பால். நானே மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது.

வழி பஸ் ஜன்னலில் கிடைத்தது. அதிகாலைப் பஸ்ஸில் போகும்போது ஒரு தோட்டத்தில் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. விடிந்ததும் வேலையாட்கள் எல்லாரும் களத்தில் கூடுவார்கள், பெயர் கூப்பிடுவார்கள், இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். லயத்தில் வளர்ந்தவளான எனக்கு இது புதிதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அது என்னவென்று மண்டையில் ஏறியது. பெரட்டில் ஒருத்தி குரல் கொடுக்காவிட்டால் அடுத்த நிமிடமே, "நேத்தே இருமிட்டு இருந்தா", "புருசன் குடிச்சிட்டு வந்தான்", "பானையெல்லாம் உருண்டுச்சே" என்று முழு விவரமும் களத்துக்கு வந்துவிடும். இதைவிட நல்ல கண்காணிப்புச் சேவை கொழும்பில்கூடக் கிடையாது. ஆனால் மலைக்குப் போவதை நிறுத்திய அன்றோடு ஒருவரின் பெயரைக் கூப்பிடுவதும் நின்றுவிடுகிறது. அப்புறம் அவர் விழுந்தாலும் தெரியாது, எழுந்தாலும் தெரியாது.

அப்படியென்றால் மலைக்குப் போகாதவர்களுக்கும் ஒரு பெரட்டு வைத்தால் என்ன? நான் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "எறங்கப் போறீங்களா மிஸ்?" என்று விசில் ஊதிவிட்டார். வெட்கத்துக்கு இறங்கி மீதித் தூரம் நடந்தேன்.

சேர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்குச் சுற்றறிக்கை இருக்கா?"

"இல்ல சேர்."

"அப்பச் செய். இருந்தா அதை மீறிட்டேன்னு சொல்லுவாங்க."

பகலெல்லாம் லயத்தோடு இருக்கிற ஒரே ஆள் பிள்ளைக்காம்பரா ஆயாம்மாதான். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைக்காம்பரா லயத்துக்கு நேர் எதிரே. வாசலில் நின்று கூப்பிட்டால் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும். ஆயாம்மாவின் குரல் அதற்கு அடுத்த தோட்டத்துக்கும் கேட்கும்.

"ஒரு வயசுப் புள்ளைங்கள மேய்க்கிறது பத்தாதுன்னு அறுவது வயசுப் புள்ளைங்களையும் என் தலையில கட்டுறீங்களா மிஸ்?" என்றார்.

"பேரைக் கூப்பிட்டாப் போதும் ஆயாம்மா. மூணு தரம் கூப்பிட்டும் பதில் வரலன்னா மட்டும் போய்ப் பாருங்க. ஒங்க கொரலு வேற யாருக்கு இருக்கு?"

குரலைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

அந்த லயத்திலும் பக்கத்து லயத்திலுமாக ஏழு பேர். அக்கா ஒருவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட முன்னாள் தலைவர் ஒருவர். தோட்டத்தில் சங்கத்துக்காரரைத் தலைவர் என்பார்கள். அவர் அந்தக் காலத்தில் துரைமாரை நடுங்க வைத்தவராம். நோய் வந்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை என்று மகள் சொன்னாள். இன்னொருவர் நாற்பது வயதிருக்கும் ஓர் ஆண். சின்னப் பிள்ளை மனம். கூடப் பிறந்தவள் மலைக்குப் போனதும் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், தனியாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். லயம் முழுக்க அவரைத் தம்பி என்றே கூப்பிட்டது. மற்ற நால்வரும் முட்டியும் மூச்சும் போனவர்கள்.

முதல் நாள் ஆயாம்மா இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலில் நின்று முதல் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேன்!" என்று தம்பி கத்தினார். இரண்டாவது பெயர். "இருக்கேன்!" தம்பிதான். ஏழு பேருக்கும் அவரே ஆஜரானார். வாழ்க்கையில் யாரும் அவரைப் பெரட்டில் கூப்பிட்டதில்லை. சேர்த்துவைத்திருந்த குரல் மொத்தத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

"ஒன் பேருக்கு மட்டுந்தான்யா சொல்லணும்!" என்றார் ஆயாம்மா.

"நான் நெறைய இருக்கேன்," என்றார் தம்பி.

ஒரு வாரத்தில் நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே பதில் சொன்னால் போதும் என்றுதான் ஏற்பாடு. ஆனால் பெரட்டு என்று கேட்டு வளர்ந்த உடம்புகள் அப்படிக் கிடக்குமா? முட்டி வலிக்காரர்கள் தலை சீவி, சால்வை போர்த்தி, இஸ்தோப்பில் வந்து நின்றார்கள். ஒரு அம்மா பழைய கொழுந்துச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே வந்தார். எதற்கு என்று கேட்டேன். "வெறும் இடுப்போட பெரட்டுல நிக்க ஒரு மாதிரியா இருக்கு மிஸ்," என்றார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தலைவர் ஒரு நாள் மகளிடம் சட்டை கேட்டாராம். கம்பை ஊன்றிக் கதவு வரை வந்து நின்று, மூச்சு வாங்க, "லேட்டாப் போனா வெரட்டிருவானுங்க" என்றாராம்.

பக்கத்து லயத்திலிருந்து எனக்குப் புகார் வந்தது. நல்ல திடகாத்திரமான ஒரு பெரியம்மா, பென்ஷன் எடுத்து வீட்டில் இருப்பவர், பிரதேச செயலகத்துக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். "என் பேரை ஏன் கூப்புடல? எனக்கும் நெஞ்சு அடைக்குது. வேணும்னா இப்பவே அடைச்சுக் காட்டவா?"

நான் மிதந்துகொண்டிருந்தேன். நடு வட்டத்தில் இருப்பவர்கள் தாங்களே எழுந்து நிற்கிறார்கள்! மெடத்திடம் சொல்ல ஓர் உரை எழுதி, கண்ணாடி முன் நின்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தேன். தோட்டத்தில் பிறந்தவள் யோசித்திருக்க வேண்டியது. பெரட்டு என்று ஒன்று இருந்தால் தலைவர் என்று ஒருவர் இருப்பார். தலைவர் என்று ஒருவர் இருந்தால் கோரிக்கை என்று ஒன்று இருக்கும்.

தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சுக் கோணவில்லை.

"மிஸ், ஆளுங்க பேசிக்கிறாங்க. மொதலாவது, பீலிக்குப் படி வெட்டிக் கைப்பிடி போடணும். ரெண்டாவது, யாரையும் கேக்காம எந்த ஹோமுக்கும் அனுப்பக் கூடாது. மூணாவது, ஆயாம்மா எங்கள மரியாதையாக் கூப்புடணும். மொட்டைப் பேரைச் சொல்லி, மூக்கு வழியிற புள்ளைய கூப்புடுற மாதிரிக் கூப்புடுது."

எதிரே வாசலிலிருந்து ஆயாம்மா, "மூக்கு வழியுது, அதான் கூப்புடுறேன்!" என்றார்.

"தலைவரே, மெடம் வர்றாங்க. நான் எல்லாத்தையும் மெதுவா எடுத்துச் சொல்றேன்," என்றேன்.

"மெதுவாச் சொன்னா எந்தத் தொரைக்கும் காது கேட்டதில்ல மிஸ்," என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மெடம் வந்த அன்று மழை இல்லை, பனி மட்டும் லயத்தின் கூரையில் படுத்திருந்தது. அலுவலக வண்டியில் மெடமும் சேரும் நானும். பின்னிருக்கையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்காமலே வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தேன். மெடம் சிங்களப் பெண்மணி, வெள்ளைச் சேலை, அளந்து சிரிப்பவர். "பதில் வராமல் போனதே இல்லையா?" என்று கேட்டார். "ஒரு நாளும் இல்லை மெடம்," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றோம். ஆயாம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு அது புரியவில்லை. கண்ணால் சைகை காட்டினேன். அவர் முதல் பெயரைக் கூப்பிட்டார்.

பதில் இல்லை.

மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அடுத்த பெயர். அதற்கும் இல்லை. லயம் முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு கோழி மட்டும் இஸ்தோப்பில் நடந்து போனது. நாலு பெயர் ஆனதும் சேர் என் பக்கம் குனிந்து, "நாலு பேருமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் பேப்பர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

எனக்குக் கால் ஓடவில்லை. மெடத்துக்கு ஓடியது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புச் சேற்றில் புதையப் புதைய, லயத்தை நோக்கி ஓடினார். அந்த நேரம் பார்த்து ஆயாம்மா தம்பியின் பெயரைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் ஏதோ முட்டி மோதுகிற சத்தம். தம்பி எவ்வளவோ அடக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"இருக்கேன்!"

"டேய் கருங்காலி!" என்றது பக்கத்துக் காம்பராவிலிருந்து தலைவரின் குரல்.

பிறகுதான் வெடித்தது. சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து, இருமலும் இழுப்புமாக, ஏழு தொண்டைகள்.

"போடு போடு, பீலிக்கு வழி போடு!"

"அனுப்பாதே அனுப்பாதே, கேக்காம அனுப்பாதே!"

இருமல் வந்தவர்களுக்காகக் கோஷம் இடையில் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தது. மெடம் பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"உங்களை வரவேற்கிறார்கள் மெடம்."

"வரவேற்கிறவர்கள் ஏன் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்?"

எழுதி வைத்த உரையை மடித்துப் பைக்குள் போட்டேன். "மெடம், இது ஸ்ட்ரைக்," என்றேன். சேர் தலையில் கையை வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குழந்தை தவழ்ந்து வந்து அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியது.

தலைவர் கதவைத் திறந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். பேச்சுவார்த்தை என்றால் இரு பக்கமும் உட்கார வேண்டும் என்றார். பிள்ளைக்காம்பராவில் இருந்ததோ குழந்தைகள் உட்காரும் குட்டை வாங்கு, சின்னப் பெஞ்சுதான். அதில் மெடம் உட்கார்ந்தபோது முழங்கால் தாடைக்கு வந்தது. எதிரே கம்பை ஊன்றித் தலைவர். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து வந்து இஸ்தோப்பில் நின்றார்கள். தம்பி மட்டும் கருங்காலி ஆன துக்கத்தில் தலைகுனிந்து நின்றார். ஆயாம்மா அவர் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார்.

நான் மொழிபெயர்க்கத் தொண்டையைச் செருமினேன். தலைவர் பீலி வழியைச் சொன்னார், நான் சிங்களத்தில் சொன்னேன். ஹோம் விசயத்துக்கு வந்தபோது அக்கா சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் இன்னும் கட்டு இருந்தது.

"இவர்தான் மெடம் அவர்," என்று நான் தொடங்கினேன். "இவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும்..."

அக்கா வாய் திறந்தார். சிங்களம் கொட்டியது. அப்படி இப்படிச் சிங்களம் இல்லை. கண்டிப் பக்கத்துப் பெரிய வீட்டுச் சிங்களம். வணக்கம் சொல்லி, நலம் கேட்டு, மெடத்தைச் சேற்றில் ஓட வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டார். மெடத்தின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. சேர் படியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அக்கா, ஒங்களுக்குச் சிங்களம் தெரியுமா!"

"கல்யாணத்துக்கு முந்தி கண்டியில ஒரு ஐயா வீட்டுல சமையலுக்கு இருந்தேன்ல."

"சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே புள்ள. என்னையப் பத்தி நீயே எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருந்த. நல்லாத்தான் சொன்ன. நான் குறுக்க பேசல."

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. பேச்சு முழுவதும் அந்த இருவருக்குள்தான் நடந்தது. நான் தலைவருக்குத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

மெடம் கேட்டார்: "அம்மா, மறுபடி விழுந்தால்?"

"விழுவேன்," என்றார் அக்கா. "இந்த மலையில் கண் தெரிந்தவர்களே தினமும் விழுகிறார்கள். அவர்களை எந்த ஹோமுக்கு அனுப்புகிறீர்கள்?"

"ஹோமில் சாப்பாடு உண்டு, மருந்து உண்டு. பார்த்துக்கொள்ள ஆள் உண்டு."

"இருக்கும். அங்கே நான் ஸ்ட்ரைக் பண்ணினால் கூட நிற்க ஆள் இருக்குமா?"

நான் இதைத் தமிழில் சொன்னதும் தலைவர் கம்பால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். மெடம் சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். பிறகு, "யார் பொறுப்பு எடுப்பது?" என்று கேட்டார். எழுத அவருக்கு ஒரு பெயர் வேண்டும். அரசாங்கத்துக்கு எப்போதும் ஒரு பெயர் வேண்டும்.

"ஏழு பேரும்," என்றார் தலைவர்.

"இவர்களே பாதுகாக்கப்பட வேண்டியவர்கள். இவர்கள் எப்படிப் பொறுப்பாளர்கள் ஆவது?" என்று மெடம் என்னிடம் கேட்டார்.

"ஆயாம்மா மூன்று தரம் கூப்பிட்டும் சத்தம் வராதபோது நீங்களே ஓடினீர்களே மெடம்," என்றேன். "பெரட்டு வேலை செய்கிறது." எழுதி வைத்த உரையில் இல்லாத வாக்கியம். அன்றைக்கு உருப்படியாக நான் சொன்னது அது ஒன்றுதான்.

மெடம் தன் செருப்பைப் பார்த்தார். எழுந்தார். எழ முடியவில்லை, நானும் ஆயாம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம். பீலி வழியைத் தானே பார்க்க வேண்டும் என்று போய், சரிவில் இரண்டடி வைத்ததும் வழுக்கிச் சேரின் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலேறி வந்தவர் தோட்டத் துரையிடம் பேசப் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. கோயில் வளைவு வரை மூச்சு வாங்க ஏறினார். அங்கிருந்து அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை, கை வீசுவது மட்டும் தெரிந்தது. தலைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல வீச்சுத்தான். சங்கத்துல இருந்திருக்கலாம்," என்றார்.

வண்டி திரும்பும்போதும் பின்னிருக்கையில் அந்த இடம் காலியாகவே இருந்தது. சேர் அதில் தன் குடையை வைத்தார்.

தோட்டம் கைப்பிடிக்குக் குழாயும் வேலைக்கு ஆளும் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இளந்தாரிகள் படி வெட்டி, கைப்பிடி நட்டார்கள். தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் குறை சொன்னார். மூன்றாவது கோரிக்கை மட்டும் இழுபட்டது. கடைசியில் ஆயாம்மா பெயருக்குப் பின்னால் 'ங்க' சேர்க்கச் சம்மதித்தார். ஆனால் அதை அவர் சேர்க்கிற தினுசில், முன்னைவிட மரியாதை குறைந்துதான் தெரிந்தது.

வேறு தோட்டங்களிலும் இதைச் செய்து பார்க்கலாம் என்று மாவட்டத்திலிருந்து தகவல் வந்தது. விதிகளை எழுதும்படி சேர் என்னிடம் சொன்னார். உற்சாகத்தில் எழுதினேன். 'பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை எவருக்கும் உண்டு' என்று ஒரு விதியும் சேர்த்தேன்.

சேர் பேனாவை மூடினார். "பதில் வரலன்னா ஓடணும்னு ஒரு விதி. பதில் சொல்லாம இருக்கலாம்னு ஒரு விதி. அப்ப ஓடுறவன் ஓடுறதா, நிக்கிறதா?"

யோசித்து, 'பதில் சொல்ல விரும்பாதவர்கள் முதல் நாளே ஆயாவிடம் தெரிவிக்க வேண்டும்' என்று திருத்தினேன். தலைவரிடம் வாசித்துக் காட்டியபோது அவருக்கு வந்த கோபத்தில் கோணிய வாய் நேராகிவிடும்போல் இருந்தது. "சொல்லிட்டுச் செய்றதுக்குப் பேரு லீவு மிஸ். ஸ்ட்ரைக் இல்ல." அந்த விதி இன்னும் தீரவில்லை. அதைப் பற்றி மட்டும் எங்கள் மூவருக்குள் தனியாக ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

அக்காவைப் பற்றிய கடிதம் அதற்கு முன்னமே வந்துவிட்டது. நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கட்டு அவிழ்த்துச் சில நாள்தான். தற்போதைய இருப்பிடத்திலேயே தொடர்ந்து வசிக்கலாம் என்று எழுதியிருந்ததைச் சந்தோசத்தில் இரண்டு தடவை வாசித்தேன்.

"என் வீட்டுல நான் இருக்கலாம்னு எழுதிருக்காங்களா?"

"ஆமாக்கா!"

"நல்லது," என்றார். மாவை உருட்டினார். "அந்த மெடம் அவங்க வீட்டுல இருக்கலாம்னு அவங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தது? கேட்டுச் சொல்லு. இல்லாட்டி நாமளே ஒண்ணு எழுதிக் குடுத்துருவோம். பாவம்."

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, என்னை வழியிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தண்ணீருக்குப் போனார்.